நாய்க்கு ஒரு நெகட்டிவ் சான்றிதழ்

எனக்குக் கொரோனா பாசிட்டிவ் என்று செய்தி வந்தபோது என் நாய் மணி என் காலடியில்தான் படுத்திருந்தான். அதற்கு முந்தைய இரண்டு இரவும் காய்ச்சலோடு கிடந்த என் முகத்தை நக்கிவிட்டு, தலையணையில் பாதியைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன். அவனைத் தள்ளி வைக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் கவலையில்லை. நாயை அவர் பார்த்துக்கொள்வார், நாம் அறைக்குள் முடங்கலாம். நான் தனி ஆள். ஒருவேளை மருத்துவமனையில் சேரச் சொன்னால் இவனை யார் பார்ப்பது? 2021-ல் எல்லோரும் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் நான் நாய் விடுதிகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு இடங்களில் கொரோனா என்றதுமே போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது விடுதிக்காரர் மரியாதையாகப் பேசினார். "நாய்க்கு நெகட்டிவ் சர்டிபிகேட் கொண்டு வாங்க சார், தாராளமா சேர்த்துக்கறோம்." காய்ச்சல் மூளையில் நான் அதை நம்பித் தொலைத்தேன். அப்படி ஒரு காகிதம் எங்கே கிடைக்கும் என்று அவரிடம் அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கதையில் பாதி இல்லை.

நண்பன் ஒருவன் வர ஒப்புக்கொண்டான். மணியை வாசல் கம்பியில் கட்டிவிட்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவன் முகக்கவசமும் கையுறையுமாக வந்து, தான் கொண்டுவந்த சங்கிலியை மாட்டி, என் சங்கிலியைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டுக் கூட்டிப் போனான்.

கால்நடை மருத்துவமனை கவுன்டரில் முதல் கேள்வி, தடுப்பூசி அட்டை எங்கே? நான் கொடுத்தனுப்ப மறந்திருந்தேன். இரண்டாவது கேள்வி, உரிமையாளர் எங்கே? அவருக்குக் கொரோனா, அதனால்தான் நாய்க்குச் சோதனை கேட்கிறோம் என்று நண்பன் விளக்கியிருக்கிறான். "அப்ப அவர் குணமானதும் அவரையே வரச் சொல்லுங்க" என்று பதில். இரண்டரை மணி நேரம் காத்திருந்து கேட்ட பதில் இது.

மறுநாள் அட்டையோடு போனான். கவுன்டர்காரர் அதைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து நிமிர்ந்திருக்கிறார். "அதான் கொரோனா ஊசி போட்டிருக்கே! அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" டிஸ்டெம்பர், பார்வோ என்று நாய்களுக்கு வரும் நோய்களின் பெயர்களோடு கொரோனா என்றும் அட்டையில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அது நாய்களின் குடலைத் தாக்கி வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற வேறொரு வைரஸ். மனிதரைப் பிடித்த கொரோனாவுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். அந்த ஊசி இந்த நோயைத் தடுக்காது. இதை நண்பனிடமே இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் நாயின் அட்டையிலும் அந்தச் சொல் இருக்கலாம், பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள்.

கடைசியில் மருத்துவரே போனில் வந்தார். அந்தப் பத்து நிமிடம்தான் மொத்த அலைச்சலிலும் உருப்படியான நேரம். நாய்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனை செய்வதில்லை, செய்து பாசிட்டிவ் வந்தாலும் பராமரிப்பில் எதுவும் மாறப்போவதில்லை என்றார். "நாய்கிட்ட இருந்து உங்களுக்கு வருமான்னு எல்லாரும் கேக்கறாங்க. உங்ககிட்ட இருந்து அதுக்குப் போகுமான்னு கேளுங்க. அது போகும்."

அன்றிரவு தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தேன். ஹாங்காங்கில் 2020 பிப்ரவரி கடைசியில் 17 வயது பொமரேனியன் ஒன்றுக்கு மூக்கிலும் வாயிலும் எடுத்த மாதிரிகளில் 'லேசான பாசிட்டிவ்' வந்தது. அதன் உரிமையாளருக்கு ஏற்கெனவே கொரோனா. அடுத்த மாதம் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு. அதே வீட்டில் இருந்த இன்னொரு நாய்க்கு ஒன்றும் இல்லை. இப்படி நோயாளிகளின் வீடுகளிலிருந்து வந்த 15 நாய்களைச் சோதித்ததில் தொற்று இருந்தது இரண்டுக்குத்தான். சீனாவில் ஹார்பின் ஆய்வகத்தில் வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோதும் பூனைகளிலும், கீரி போல இருக்கும் ஃபெரட்டுகளிலும் நன்றாகப் பெருகிய வைரஸ், பீகிள் நாய்களில் திணறியது. நாயிடமிருந்து மனிதருக்குப் பரவியதாக உறுதியான சம்பவம் எதுவும் கண்ணில் படவில்லை. மிங்க் என்ற பண்ணை விலங்கின் கதை வேறு. அது மனிதருக்கே திருப்பிக் கொடுத்தது, டென்மார்க்கில் 2020 நவம்பரில் கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளைக் கொல்ல உத்தரவு போட்டார்கள். பூனை வளர்ப்பவர்களும் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். தாய்லாந்தில் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது பூனை ஒன்று மருத்துவர் முகத்தில் தும்மி, அவருக்கே தொற்றியதாகப் பின்னாளில் படித்தேன்.

சரி, இவ்வளவையும் திரட்டிக்கொண்டு விடுதிக்காரருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் சார், அந்த சர்டிபிகேட் மட்டும்…" என்றார்.

மணி நண்பன் வீட்டிலேயே தங்கினான். மருத்துவர் சொன்னபடி, தெருவில் மற்ற நாய்களோடு விளையாட விடாமல், நடைக்கு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போனார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது, மூன்றாம் நாள் நண்பனின் அண்ணன் ஊரிலிருந்து வந்து சேரும்வரை. பாசிட்டிவ் வீட்டு நாய் என்று கேள்விப்பட்டதும் மனிதர் சானிடைசரை எடுத்து அதன் உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டார். ராத்திரி வீடியோ காலில் காட்டினார்கள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து போய், மணி ஒவ்வொரு பாதமாகத் தூக்கி விடாமல் நக்கிக்கொண்டிருந்தான். தேய்த்தது தோலோடு நிற்காது, நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். அவன் நாக்கு பாதத்துக்கும் வாய்க்கும் போய் வந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு இங்கே வயிற்றைப் பிசைந்தது. மருத்துவரை எழுப்பிக் கேட்டதில், சாதாரணத் தண்ணீரில் நன்றாகக் கழுவி அவனுடைய ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொன்னார். சானிடைசர், பிளீச், பெராக்சைடு எதுவும் நாய்மேல் படக்கூடாது, முகக்கவசமும் மாட்டக்கூடாது. ரோமத்திலிருந்து தொற்றியதாக ஆதாரமும் கிடையாது. கொரோனா அவனை ஒன்றும் செய்யவில்லை, சானிடைசர்தான் நான்கு நாள் நொண்ட வைத்தது.

இன்னொன்று. உங்கள் நாயின் சாப்பாடு, மாத்திரை, வழக்கமான நேரம், மருத்துவர் எண், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே தொங்கவிடுங்கள். நல்ல உடம்போடு இருக்கும்போதே. காய்ச்சலில் எதுவும் ஞாபகம் வராது. எனக்கு அட்டை எந்த அலமாரியில் என்பதே மறந்துபோய், அதைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

தனிமை முடிந்ததும் மணி திரும்பி வந்தான். ஒரு தும்மல்கூட இல்லை. பத்து நாள் கழித்து அந்த விடுதியிலிருந்து போன் வந்தது. "சார், சர்டிபிகேட் கிடைச்சுதா? ஒரு இடம் காலியா இருக்கு." தலையணையில் பாதியை மறுபடி பிடித்திருந்தவன், குரலைக் கேட்டு ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.