எந்த வரில இருக்கு மிஸ்?

"எல்லாரும் பேஜ் சிக்ஸ்டி செவன் எடுங்க"ன்னு சொன்னேன், அவ்வளவுதான், ஏழாம் கிளாஸ் மொத்தமும் "சிக்ஸ் செவன்"னு கத்திக்கிட்டு ரெண்டு உள்ளங்கையையும் மேலயும் கீழயும் ஆட்டுது. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. நம்ம இங்கிலீஷத்தான் ஓட்டுறாங்கன்னு நினைச்சு, அழுகை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. பக்கத்து ரூம் டீச்சர்கிட்ட போய்ச் சொன்னா அவங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. அதுக்கு அர்த்தமே கிடையாதாம், இன்டர்நெட்ல இருந்து வந்த கிறுக்குத்தனமாம், அவங்க 66க்கு அப்புறம் நேரா 68க்குத் தாவிடுவாங்களாம். கடைசில பாத்தா டிக்‌ஷனரி டாட் காம்காரங்க அதையே 2025-ஓட வார்த்தைன்னு அறிவிச்சிட்டாங்க. நல்லா இருங்கப்பா.

டெக்ஸாஸ்ல, ஹூஸ்டன் பக்கம் ஒரு மிடில் ஸ்கூல்ல லாங்குவேஜ் ஆர்ட்ஸ், அதாவது இங்கிலீஷ் பாடம் எடுக்குறேன். ஊர் டிகிரிய எவால்யுவேஷனுக்கு அனுப்பி, டீச்சர் எக்ஸாம் எழுதி, கைரேகை குடுத்து உள்ள வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, அந்தக் கதை வேணாம். ஒரே ஆறுதல், இங்கயும் நிறைய பசங்க "மிஸ்"னுதான் கூப்பிடுறாங்க. என்ன, நாம உள்ள போனா யாரும் எந்திரிக்க மாட்டாங்க. இழுத்து இழுத்து "குட் மார்னிங் மிஸ்ஸ்ஸ்" எல்லாம் மறந்துட வேண்டியதுதான்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. ஒரு சின்ன கவிதை நடத்திட்டிருந்தேன், அதுல ஒரு தாத்தாவோட காலி நாற்காலி வரும். "தாத்தா இறந்துட்டாரு, அந்த ஏக்கம்தான் கவிதை"ன்னு நம்ம ஊர் ஸ்டைல்ல சொல்லிட்டு போர்டு பக்கம் திரும்புறேன், கடைசி வரிசைல சிப்ஸ் தின்னுட்டிருந்த பையன் கையத் தூக்கி, "செத்துட்டாருன்னு எந்த வரில இருக்கு மிஸ்? அவரு கடைக்குப் போயிருக்கலாம்ல?"ங்கறான். கொழுப்பு இல்ல, நிஜமாவே கேக்குறான். உடனே நாலு பேரு அவன் கட்சி. ஜன்னலோரம் இருந்த பொண்ணு, "நாற்காலி கைப்பிடில தூசின்னு இருக்கே, கடைக்குப் போனா தூசி படியுமா?"ன்னு எந்திரிச்சு நின்னு கேக்குறா. அப்ப ஆஸ்பத்திரில இருக்காரோ என்னவோன்னு இன்னொருத்தன். மணி அடிக்கிற வரைக்கும் சண்டை, நான் வாயே திறக்கல, அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இங்க எல்லா பதிலுக்கும் டெக்ஸ்ட் எவிடன்ஸ் காட்டணும். ரேஸ்னு ஒரு சார்ட் செவுத்துல ஒட்டியிருக்கு, கேள்விய திருப்பி எழுது, பதில் சொல்லு, வரிய எடுத்துக் காட்டு, விளக்கு. மொத தடவை அதப் பாத்ததும் அட, இது நம்ம இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக தானேன்னு தோணுச்சு. இடம், பொருள், விளக்கம்னு மூணு தலைப்பு போட்டு ஸ்கெட்ச் பேனாவால அடிக்கோடு இழுத்த கை ஆச்சே. ஆனா நம்ம விளக்கம் கோனார் நோட்ஸ்ல இருந்து வரும், கிளாஸ் பூரா ஒரே விளக்கம், ஒரு கமா மாறாது. இங்க கவிஞர் சொல்றது தப்புன்னு எழுதினாக்கூட வரிய காட்டிட்டா மார்க் உண்டு. எங்க தமிழய்யாகிட்ட அப்படி எழுதி நீட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாத்தேன், கை தானா பின்னாடி போயிடுச்சு.

இப்ப நல்லா செட்டில் ஆயிட்டேன்னு ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் சொல்றேன். ஆனா பசங்க குரோம்புக் லேப்டாப்ல தட்டுற சத்தம் மட்டும் கேக்குற அந்த அரைமணி நேரத்துல மனசு எங்கயோ போயிடுது. மார்ஜின் போட்ட பேப்பர், அடிஷனல் ஷீட்டுக்கு நூல், அடிமாறாமல் எழுதுகன்னு ஒரு கேள்வி, பரீட்சை ஹாலுக்கு வெளிய வேப்பமரத்தடில வாய் ஓயாம ஒப்பிச்சிட்டு நிக்கிற கும்பல். அர்த்தம் புரியாம மனப்பாடம் பண்ணோம்தான், திட்டித்தான் பண்ணோம், ஆனா இன்னிக்கும் ஃப்ரீவேல டிராஃபிக்ல நிக்கும்போது எங்கிருந்தோ அந்த செய்யுள் அது பாட்டுக்கு வாய்ல வருது, இப்பத்தான் அர்த்தமும் புரியுது. இந்தப் பசங்களுக்கு ஒரு கவிதைய பிரிச்சு மேயத் தெரியும், ஒரு வரி வாய்ல நிக்காது.

பொறுக்காம, எட்டு வரி ஒப்பிச்சா போனஸ் பாயிண்ட்னு அறிவிச்சேன். மறுநாளே ஒரு பேரண்ட்கிட்ட இருந்து மெயில், ரொம்ப மரியாதையா, "இது எந்த ஸ்டாண்டர்டுக்குக் கீழ வருது?"ன்னு. ஸ்டாண்டர்டுன்னா இங்க வகுப்பு இல்ல, பசங்க என்னென்ன கத்துக்கணும்னு ஸ்டேட் போட்ட பட்டியல். நம்ம ஊர் அம்மாவா இருந்தா எட்டு போதுமா, பதினாறு குடுங்க மிஸ்னு வந்து நின்னிருக்கும். கேட்டவங்களையும் குறை சொல்ல முடியாது, இங்க எல்லாம் ஸ்டார்ங்கற டெக்ஸாஸ் ஸ்டேட் பரீட்சைய நோக்கித்தான் ஓடுது. அதுல கட்டுரைக்கு 10 பாயிண்ட், பசங்க எழுதுற பதில்ல பெரும்பாலானதுக்கு இப்ப கம்ப்யூட்டரே மார்க் போடுது. முத்து முத்தான கையெழுத்துக்கு ரெண்டு மார்க் கூடப் போட அதுக்கு எங்க தெரியும்.

அந்த சிப்ஸ் பையன் எட்டு வரியையும் ஒப்பிச்சிட்டான், நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டு. பாயிண்ட் போட்டுட்டேன். அடுத்ததுக்கு பன்னெண்டு வரில ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், மெயில் வந்தா பாத்துக்கலாம்.