இரண்டாவது செல்லோவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட்டை (ஐந்து தந்தி வாத்தியங்களுக்கான படைப்பு, பட்டியல் எண் டி 956) முதன்முறை கேட்பவர்களின் காது தானாகவே முதல் வயலின் பின்னால் போய்விடும். நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. பாடகரைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்கிக் கேட்ட பழக்கம். இங்கே பக்கவாத்தியம் என்று யாருமில்லை. தம்பூராவும் இல்லை, நாம் சட்ஜமம் என்று நினைத்துக்கொண்டிருப்பதே பாதி வழியில் இடம் மாறிவிடும். அது எப்போது மாறுகிறது என்பதைக் கீழ்த் தந்திகள்தான் சொல்லும்.

இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றே பெரியது, ஒலி தாழ்ந்தது), இரண்டு செல்லோ (உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே வைத்து வாசிக்கும் பெரிய வாத்தியம்). மோட்ஸார்ட் தன் குவின்டெட்களில் வியோலாவை இரண்டாக்கினார். ஷூபர்ட் செல்லோவை இரண்டாக்கினார். காரணம் முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு செல்லோ அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டால் இன்னொன்று மேலேறிப் பாடலாம். இதை எழுதியது 1828இல். அந்த நவம்பர் 19 அன்று ஷூபர்ட் 31 வயதில் இறந்தார். அச்சில் வர 1853 ஆனது.

கேட்கப் பழக இரண்டாம் பாகமான அடாஜியோவே, அதாவது மெதுவான பாகமே, போதும். ஏறத்தாழ 14 நிமிடம். முதல் நான்கு நிமிடங்களை மட்டும் மூன்று முறை போடுங்கள். முதல் முறை இரண்டாவது செல்லோ மட்டும்: வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டிக்கொண்டிருக்கும், நடை போடுவதுபோல. இரண்டாம் முறை நடுவில் இருக்கும் மூவர்: இரண்டாம் வயலின், வியோலா, முதல் செல்லோ. நீண்ட ஸ்வரங்களை இழுத்துப் பிடித்திருப்பார்கள். எதுவும் நடக்காததுபோல் இருக்கும், ஆனால் மூவரில் ஒருவர் அரை ஸ்வரம் நகர்ந்தாலும் மொத்த நிறமும் மாறும். மூன்றாம் முறை முதல் வயலின். அது பாடவில்லை, விட்டுவிட்டு ஏதோ சொல்கிறது என்று அப்போதுதான் புரியும்.

நாலரை, ஐந்து நிமிடத்தில் புயல். ஈ மேஜரில் இருந்தது எஃப் மைனருக்குத் தாவும். அதாவது சட்ஜமமே அரை ஸ்வரம் மேலே. ஒலிப்பதிவில் கேட்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தொடக்கம் மிக மெல்லியது என்று வால்யூமை ஏற்றி வைத்திருப்பார்கள், புயல் காதைக் கிழிக்கும். முதலில் அந்தப் புயலைப் போட்டு வால்யூமை வைத்துக்கொண்டு, பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். புயல் அடங்கி முதல் இசை திரும்பும்போது இரண்டாவது செல்லோவை மறுபடி கவனியுங்கள். நடை போன இடத்தில் வேகமான ஓட்டம் வந்திருக்கும். அமைதி திரும்பிவிட்டது, அடியில் மட்டும் நடுக்கம் நிற்கவில்லை.

செல்போன் ஸ்பீக்கரில் இது எதுவுமே வராது. செல்லோவின் கடைசித் தந்தி 65 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதன் மேல் ஒலிகளை மட்டும் தந்து ஏமாற்றும். சுமாரான ஹெட்போன்கூடப் பரவாயில்லை. செயலியில் ஷஃபிளை நிறுத்துங்கள். ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும்கூட.

எந்தப் பதிவு? 1952இல் பிரான்ஸின் பிராட் நகரில் கசால்ஸ், ஐசக் ஸ்டெர்ன், ஷ்னைடர், கேட்டிம்ஸ், டோர்ட்டெலியே சேர்ந்து வாசித்தது இருக்கிறது. ஒலி பழசுதான், வாசிப்பு பழசாகவில்லை. எந்தப் பதிவானாலும் முதல் பாகத்தின் நீளத்தைப் பாருங்கள். 14, 15 நிமிடம் என்றால் முற்பகுதியைத் திருப்பி வாசிக்காமல் விட்டிருக்கிறார்கள்; 19, 20 என்றால் வாசித்திருக்கிறார்கள். இரு செல்லோக்கள் சேர்ந்து பாடும் இடம் அந்த முற்பகுதியில்தான் என்பதால், என் ஓட்டு இரண்டாவதற்கே.

நேரில் கேட்பது வேறு கணக்கு. மைக் கிடையாது, அதனால் பெரிய அரங்கம் உதவாது. லண்டன் விக்மோர் ஹால் 1901இல் பெக்ஸ்டைன் பியானோ நிறுவனம் கட்டியது, சுமார் 550 இருக்கைதான்; இந்த இசைக்கு அளவு அவ்வளவே. முதல் இரண்டு வரிசையில் வில் உராயும் சத்தம் தூக்கலாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் வாத்தியம் மற்றதை அமுக்கும். நடு வரிசை நல்லது. வியோலா வலது ஓரத்தில் உட்கார்ந்தால் அதன் ஒலித்துளைகள் மேடையின் பின்பக்கம் பார்க்கும், சத்தம் மங்கும். மங்கலுக்கு வாசிப்பவரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

நேரில் கண்ணுக்கும் வேலை உண்டு. தொடங்குமுன் முதல் வயலின்காரர் மூக்கால் சுருக்கென்று மூச்சிழுப்பார். நடத்துநர் இல்லாத இடத்தில் தாளக்கோல் அந்த மூச்சுதான். பாகங்களுக்கு இடையே கைதட்ட வேண்டாம். அப்போது சுருதி சரிபார்ப்பார்கள், விளக்குச் சூட்டில் தந்தி தளர்ந்திருக்கும்.

கடைசிப் பாகம் கும்மாளமாக ஓடி முடியும்போது ஐவரும் சேர்ந்து டி ஃபிளாட்டை உரசிவிட்டு சி-யில் இறங்குவார்கள். நம் கணக்கில் சுத்த ரிஷபம் தொட்டு சட்ஜமம். அந்த உரசல் காதில் விழும்வரை கையைத் தூக்காதீர்கள்.