பதிப்பெண்ணின் வால்

டெபியன் என்பது ஒரு லினக்ஸ் இயங்குதளம். அதில் நிறுவும் மென்பொருள்களின் பேக்கேஜ்களை (நிறுவுவதற்கான கட்டுகளை) வைக்க எங்கள் குழுவுக்கென்று ஒரு ரெப்போசிட்டரி (கிடங்கு) தொடங்கியபோது, பதிப்பெண்ணை எப்படி வைப்பது என்று இரண்டு வாரம் வாதாடினோம். இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு மாதிரி ஆண்டும் மாதமும் போதும் என்றது ஒரு கட்சி. 4.10 என்றால் 2004 அக்டோபர், பார்த்ததுமே வயது தெரிந்துவிடும். இன்னொரு கட்சிக்கு செமாண்டிக் வெர்ஷனிங்தான் வேண்டும், அதாவது 1.4.0 மாதிரி மூன்று எண். முதல் எண் மாறினால், பழைய நிரல் இதோடு ஒத்துப்போகாது என்று முன்கூட்டியே தெரியுமே. கடைசியில் மூன்று எண் முறை ஜெயித்தது. அந்த முடிவில் எனக்கு இன்றும் குறையில்லை.

வாலைத்தான் யாரும் பார்க்கவில்லை. டெபியன் 12 வந்ததும் ஒரே மென்பொருளை 11க்கும் 12க்கும் தனித்தனியாக பில்டு செய்ய வேண்டியிருந்தது. எது எதற்கானது என்று தெரிவதற்காக எண்ணின் கடைசியில் டில்டே (~) போட்டு வெளியீட்டுப் பெயரைச் சேர்த்தேன், 11க்கு புல்ஸ்ஐ, 12க்கு புக்வோர்ம்: 1.4.0-1~புல்ஸ்ஐ, 1.4.0-1~புக்வோர்ம். ஐந்து நிமிட வேலை. யாரிடமும் கேட்கக்கூட இல்லை.

சர்வர்களை 11லிருந்து 12க்கு ஏற்றினோம். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. எல்லாம் ஓடியது. சில மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது, ஒரு சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் 1.1 இன்னும் இருப்பதைக் கண்டேன். 12ல் இருக்க வேண்டியது 3.0. 1.1.1க்கான ஆதரவோ 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. யார் இதைப் பிடித்துவைத்திருப்பது என்று பார்த்தால், எங்கள் பேக்கேஜ்தான். டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டிடம் கேட்டேன். நிறுவியிருப்பது புல்ஸ்ஐ, நிறுவத் தகுந்ததும் புல்ஸ்ஐ என்று அடுத்தடுத்த இரண்டு வரியில் ஒரே பெயரைக் காட்டியது. புக்வோர்ம் பேக்கேஜ் ரெப்போவில் இருந்தும் அது சீண்டவில்லை.

ஆப்ட் மேல் தப்பில்லை. பதிப்பெண்ணை அது இலக்கத் துண்டு, எழுத்துத் துண்டு என்று பிரித்து ஒப்பிடுகிறது. இலக்கங்களை எண்ணாகவே எடுத்துக்கொள்வதால் 1.10 எப்போதும் 1.9ஐவிடப் பெரியது. எழுத்துகளை அகரவரிசைப்படி பார்க்கிறது. டில்டே மட்டும் தனி ரகம், ஒன்றுமே இல்லாததைவிடவும் சிறியது அது. அதனால்தான் 1.4.0~ஆர்சி1 என்ற சோதனைப் பதிப்பு 1.4.0க்கு முன்னால் நிற்கிறது. டில்டேயை விட்டுவிட்டால் சோதனைப் பதிப்பு நிஜப் பதிப்பைத் தாண்டிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், டில்டேயைச் சரியான இடத்தில்தான் போட்டிருந்தேன். அதற்குப் பின்னால் வரும் பெயர்களை மட்டும் யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுமே 'பி'யில் (B) தொடங்குகின்றன. இரண்டாம் எழுத்து புக்வோர்மில் 'ஓ' (O), புல்ஸ்ஐயில் 'யு' (U). ஆக, புதியது பழையதைவிடச் சிறியதாகிவிட்டது.

இப்பக் என்ற முன்னொட்டு எண்ணைச் சேர்த்தால் ஒரே நாளில் தீரும் என்றார் சக ஊழியர் ஒருவர். எண்ணுக்கு முன்னால் '1:' என்று போட்டால் பின்னால் என்ன இருந்தாலும் அதுதான் பெரியது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை இப்பக் போட்டால் அந்த பேக்கேஜ் வாழும் காலம் முழுக்க அதைச் சுமக்க வேண்டும், எடுக்கவே முடியாது. போதாக்குறைக்கு, பேக்கேஜ் வரும் .டெப் கோப்பின் பெயரில் இப்பக் வராது. 1.4.0-1ஐயே 1:1.4.0-1 என்று மறுபடி கட்டினால் இரண்டு வேறு கோப்புகள் ஒரே பெயரில் வந்து மோதும். மூல நிரலின் எண்முறையே தலைகீழாக மாறினால் மட்டும் எடுக்க வேண்டிய ஆயுதம் அது. ஒரு வாலுக்காக அதை எடுக்கக் கூடாது என்று இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

வழி வாலிலேயே கிடைத்தது. டெபியன் தானே பயன்படுத்துவதுபோல வெளியீட்டு எண்ணை வைத்தோம்: ~டெப்12. 'டெப்'பின் 'டி' (D) 'பி'க்குப் பிந்தியது என்பதால் அது பழைய இரண்டு பெயரையும் தாண்டியது. அது எங்கள் அதிர்ஷ்டம். அப்புறம் பில்டின் கடைசிப் படியாக ஒரு சோதனை சேர்த்தேன். ஒவ்வொரு புதிய எண்ணையும், 11ல் நிறுவியிருக்கும் எண்ணோடு டெபியனின் அடிப்படை நிறுவல் கருவியான டிபிகேஜியின் ஒப்பீட்டுக் கட்டளையைக் கொண்டே ஒப்பிடும். சிறியதாக இருந்தால் ரெப்போவுக்குள் விடாது.

டெபியன் 13க்கு ட்ரிக்ஸி என்று பெயர். பெயர்களையே வைத்திருந்தால் 12லிருந்து 13க்குப் போகும்போது வரிசை தானாகச் சரியாக வந்திருக்கும், சிக்கல் தீர்ந்தது என்று நாங்களும் நம்பியிருப்போம். 14க்கு ஃபோர்க்கி என்று வைத்திருக்கிறார்கள். ட்ரிக்ஸியின் 'டி'யிலிருந்து (T) மறுபடி பின்னால், 'எஃப்'க்கு (F).