ரீச்சரின் பிரெயில் புத்தகங்கள் யாரிடம் போக வேண்டும்

விழிப்புலனற்றவர்கள் விரலால் தடவி வாசிக்கிற, புள்ளி எழுத்தில் உள்ள பிரெயில் புத்தகம் உங்கள் வீட்டில் கிடந்தால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர் எடுக்க வருபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல தடித்த தாள், பாரமும் கூட, அதனால் கையில் கொஞ்சம் காசும் வரும். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, பல புத்தகங்களில் பெயர்கூட அச்சில் இருக்காது, ஆகவே வீடு ஒதுக்குகிறவர்களுக்கு அது வெறும் வெள்ளைத் தாள் கட்டாகத்தான் தெரியும். கடற்கரையில் வாங்கிய கச்சான் சுருளில் ஒருமுறை என் விரலுக்குப் புள்ளிகள் தட்டுப்பட்டன. விரித்துப் பார்த்தால் ஒரு முழுப் பக்கம் பிரெயில். எந்தப் புத்தகத்தின் பக்கமோ, அதை வாசிக்க எங்காவது ஒரு பிள்ளை காத்திருந்ததோ என்று அன்றைக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

எங்கள் ஒழுங்கையில் இருந்த ரீச்சர் காலமான பிறகு, வீட்டை வாடகைக்குக் கொடுப்பதற்காக அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். ரீச்சருக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது, வாழ்நாள் முழுக்க விரலால் வாசித்தவர். முன் அறையில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம். "அக்கா, இதுகளை எறிய மனம் வரேல்லை. கொண்டுபோகவும் ஏலாது. என்ன செய்யிறது?" என்று அவர் கேட்டபோது, "நீங்கள் விடுங்கோ தம்பி, நான் பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் முதலில் சொன்ன யோசனை ஒன்றுதான். விழிப்புலனற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அப்படியே லொறியில் ஏற்றி அனுப்பிவிடு, புண்ணியம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி அனுப்பப்பட்ட பெட்டிகள் ஓரிடத்தில் விறாந்தையில் மாரி மழைச் சாரலுக்குள் கட்டவிழ்க்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தின் மீது பழி போட எனக்கு மனமில்லை. அங்கே ஆளும் இல்லை, அலுமாரியும் இல்லை, வந்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதியும் அனுப்பவில்லை. பாடத்திட்டம் மாறிப்போன பழைய வரலாற்றுப் புத்தகத்தை வைத்து ஒரு ஆசிரியர் என்ன செய்வார்? நாம் வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டு நம் பாரத்தை இன்னொருவர் தலையில் இறக்கிவிட்டு அதற்குத் தானம் என்று பெயர் வைக்கிறோம். பெட்டியை அனுப்புவதற்கு முன் பட்டியலை அனுப்ப வேண்டும். என் நிலைப்பாடு அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

சரி, பட்டியல் போடுவதென்றால் முதலில் என்ன புத்தகம் என்று தெரிய வேண்டுமே. எனக்குப் பிரெயில் எழுத்துகள் கொஞ்சம் தெரியும், கண்ணால் பார்த்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், அது போதாது. ரீச்சரிடம் படித்த தம்பி ஒருவர் உப்புவெளிப் பக்கம் இருக்கிறார், அவரைக் கேட்டேன், உடனே வந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து, வலது விரல் வரியில் ஓட, அந்த வரி முடிய முன்னமே இடது விரல் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்றுகொள்ளும். நான் அட்டையைத் துடைத்து அடுத்ததை எடுத்துக் கொடுப்பதற்குள் அவர் முதற்பக்கத்தை முடித்து, பெயர், எத்தனையாம் பாகம், தமிழா ஆங்கிலமா என்று சொல்லிவிடுவார், நான் ஒரு துண்டில் எழுதி முதுகில் ஒட்டுவேன். புத்தகத்தின் பெயரை அவர் பிரெயிலில் குத்திய இன்னொரு துண்டையும் கூடவே ஒட்டினோம், ஏனென்றால் அடுத்து அதைத் தேடப்போகிறவர் என்னைப்போல் கண்ணால் தேடப்போவதில்லை.

பாகம் என்பது பெரிய சிக்கல். 1824-இல் லூயி பிரெயில் என்ற பையன் அமைத்த முறையில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிதான், அதில் 63 வடிவங்கள்தான் வரும். விரல் நுனிக்குள் ஒரு எழுத்து அடங்க வேண்டும் என்பதால் எழுத்தைச் சின்னதாக்கவும் முடியாது. பெரிய அளவுத் தாளிலேயே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 25 வரி, வரிக்கு 40 கட்டம், அவ்வளவுதான் கொள்ளும். தமிழில் இன்னும் பெருக்கும். 'கோ' என்று எழுதக் க ஒரு கட்டம், ஓ ஒரு கட்டம். மெய்யெழுத்து என்றால் அதன் தலையில் வைக்கிற புள்ளிக்கென்று ஒரு கட்டம் முன்னால் வரும், பிறகுதான் எழுத்து. 'அம்மா' என்பதற்கு ஐந்து கட்டம் வேண்டும். ஆகவே நாம் கையில் சுருட்டிக்கொண்டு போகிற ஒரு நாவல் பிரெயிலில் நாலைந்து பாகமாக அலுமாரித் தட்டு ஒன்றை நிறைத்துவிடும். அதில் இரண்டாம் பாகம் இல்லையென்றால்? ரீச்சரின் அலுமாரியில் அப்படிப் பல இருந்தன. யாருக்கோ இரவல் கொடுத்திருப்பார், சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்திருப்பார், அல்லது கறையான் தின்றிருக்கும். சிறுகதை, சமையல் குறிப்பு, பக்திப் பாடல் என்றால் ஒரு பாகம் தனியே போனாலும் வாசிக்கலாம். நாவலில் நடுப்பாகம் இல்லாமல் ஒரு பிள்ளையிடம் கொடுப்பது அநியாயம், அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலப் புத்தகங்களை விரித்ததும் தம்பி சிரித்தார். "இது பழைய முறை அக்கா. இப்ப படிக்கிற பிள்ளையளுக்குச் சில இடத்தில தட்டும்." ஆங்கிலப் பிரெயிலில் சுருக்கங்கள் நிறைய உண்டு. பல நாடுகள் சேர்ந்து ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெயில் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பிரித்தானியா 2011-இல் அதை ஏற்று, அமெரிக்கா 2016-இல் நடைமுறைப்படுத்தியபோது அந்தச் சுருக்கங்களில் ஒன்பது கழிந்து போயின. அதற்காகப் பழைய புத்தகம் வீண் என்று ஆகாது. பெரியவர்கள் பழைய முறையில்தான் படித்தவர்கள், அவர்களுக்கு அதுதான் சுகம். அதனால் ஆங்கிலப் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்காமல் வயதான வாசகர்களைத் தேடினோம், கிடைத்தார்கள்.

அப்போதுதான் அந்தக் கட்டு வந்தது. அட்டை இல்லை, சணலால் தைத்த தாள்கள். தம்பியின் விரல் முதல் வரியிலேயே மெதுவானது. "இது மெசின் இல்லை அக்கா, ஆரோ கையால குத்தினது." அச்சில் வந்தது தாளின் இரண்டு பக்கமும் புள்ளியோடு இருக்கும், இதில் ஒரு பக்கம் மட்டும், புள்ளிகளின் ஆழமும் ஒன்றுபோல் இல்லை. சட்டத்துக்குள் தாளை வைத்து ஊசியால் ஒவ்வொரு புள்ளியாக, அதுவும் வலமிருந்து இடமாக எழுத்தைப் புரட்டிக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால்தான் நேராக வாசிக்க வரும். சம்பந்தர் நம்முடைய திருகோணமலைக் கோணேசர் மேல் பாடிய பதிகம் அது. யாரையோ பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லி ரீச்சர் தானே குத்தி எழுதியிருக்கிறார். அதன் பின்னால் வேறு பாடல்களும், கடைசித் தாள்களில் மருந்துக் கணக்கும், ஒரு பாற்புக்கைக் குறிப்பும். நடுவில் ஒரு பக்கத்தில் புள்ளிகள் அப்படியே தேய்ந்து மட்டமாகிப் போயிருந்தன. அந்த இடத்தில் மீண்டும் மீண்டும் விரல் போயிருக்கிறது. தம்பிக்கே அங்கே இரண்டு வரி பிடிபடவில்லை. நான் அச்சுப் பதிப்பை எடுத்து அந்த வரிகளை வாசித்தேன், அவர் விரலை வைத்துக்கொண்டு "ஓம், அதுதான், அதுதான்" என்றார்.

இப்படிக் கையால் எழுதியவற்றை நூலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது, ஏட்டுச்சுவடி மாதிரி. மகனுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அது அவரிடம்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன், வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு முன் தம்பி அதை முழுக்கப் படியெடுத்துக்கொண்டார், அவரிடம் பிரெயில் தட்டுகிற பெர்கின்ஸ் தட்டெழுத்துப் பொறி இருக்கிறது.

மற்றவை போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியலைத் தட்டெழுதி வாட்ஸ்அப்பில் விட்டோம், படமாக இல்லை, எழுத்தாக. படமாகப் போட்டால் போன் வாசித்துச் சொல்லாது, இதை எத்தனையோ பேர் மறந்துவிடுகிறார்கள். விழிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது, சுன்னாகத்தில் வாழ்வகம், மட்டக்களப்பில் தரிசனம், தெற்கே இரத்மலானையில் 1912-இல் தொடங்கிய பழைய பள்ளிக்கூடம். இவற்றில் படித்து வெளியே வந்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், அவர்களுக்குள் நல்ல தொடர்பு உண்டு. ஒருவருக்குப் போன செய்தி பத்துப் பேரிடம் போய்ச் சேரும். நிறுவனத்தின் கந்தோருக்குக் கடிதம் எழுதிப் பதில் பார்ப்பதைவிட இது விரைவு. மூதூரில் ஒரு அம்மா, சலரோகத்தால் நாற்பதைத் தாண்டிய பிறகு பார்வை போனவர், இப்போதுதான் பிரெயில் பழகுகிறார். அவருக்குப் பெரிய புத்தகம் வேண்டாம், சின்னச் சின்ன வசனம் உள்ள முதலாம், இரண்டாம் வகுப்பு வாசிப்புப் புத்தகம் வேண்டும் என்றார். பாடத்திட்டம் மாறிவிட்டது என்று யாருமே சீண்டாத அந்தப் பழைய புத்தகங்களுக்கு அவரைவிட நல்ல வாசகர் கிடைத்திருக்க மாட்டார்.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். நாம் சாதாரண புத்தகத்தைக் கட்டுவதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கினால் புள்ளி நசிந்துவிடும், பிறகு அது வெள்ளைத் தாள்தான். நிற்க வைக்க வேண்டும். கடையில் பால்மா வரும் உறுதியான பெட்டிகளை வாங்கி, உயரம் பார்த்து வெட்டி, இடைவெளியில் பழைய பத்திரிகையைத் தளர்வாகத் திணித்தோம். நமது ஊரில் மாரி தொடங்கினால் உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்து தாள் ஊறிவிடும், இராமபாணப் பூச்சியும் வந்துவிடும், ஆகவே கச்சான் காற்று அடிக்கிற வெயில் மாதங்களிலேயே பிரித்து, உலர்த்தி, அனுப்பி முடிப்பது நல்லது. வெயிலில் நேரே போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள்.

தபாலைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி விழிப்புலனற்றோருக்கான பொதிகளுக்கு 7 கிலோ வரை தபாற் கட்டணம் இல்லை, விமானத்தில் அனுப்பும் மேலதிகக் கட்டணம் மட்டும் வரலாம். பரிசோதிக்க வசதியாகத் திறந்து மூடக்கூடிய மாதிரிக் கட்டி, மேலே விழிப்புலனற்றோருக்கானது என்று தெளிவாக எழுத வேண்டும். உள்நாட்டுக்குள் அனுப்பும்போதும் இதைச் சொல்லிக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் கோபப்படாமல் தபாலதிபரைக் கேளுங்கள். நாடுவிட்டு நாடு பிரெயில் பிரதிகளைப் பரிமாறுவதற்கு 2013-இல் மரகேஷ் உடன்படிக்கை வந்தது, இலங்கை 2016-இல் அதில் சேர்ந்தது, எனவே தமிழ்நாட்டில் உள்ள பிரெயில் நூல்கள் இங்கே வரவும் வழி இருக்கிறது.

"இப்ப எல்லாம் போனே வாசிக்குதே, பிறகு ஏன் இந்தப் பாரம்?" என்று கேட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். போன் வாசிக்கும், நல்லதுதான், தம்பியும் நாள் முழுக்க அதில்தான் செய்தி கேட்கிறார். ஆனால் காதால் மட்டும் படிக்கிற பிள்ளைக்கு எந்த 'ந', எந்த 'ன' என்று எப்படித் தெரியும்? நம் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்ட பிறகு 'மழை' என்று எழுத அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? பிரெயிலில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளிகள், விரல் காட்டிக் கொடுத்துவிடும். சாதாரண தரத்தில் பிழையில்லாமல் தமிழ் எழுத வேண்டிய பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? பார்வையோடு செவிப்புலனும் இல்லாதவர்களுக்கு வாசிப்பென்றால் பிரெயில்தான்.

இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆங்கில அகராதி ஒன்றின் சில பாகங்கள், முழுத் தொகுதி இல்லை. உயர்தர இந்து நாகரிகக் குறிப்புகள், பழைய பாடத்திட்டம், ஆனால் கதைகளும் கோயில் வரலாறும் இருப்பதால் பொது வாசிப்புக்கு ஆகும். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெப்பத்தால் படியெடுத்த தமிழ்க் கட்டுரைகள், வியர்த்தால் விரல் ஒட்டும், ஆனால் புள்ளி தேயாது. நீங்கள் பிரெயில் வாசிப்பவராக இருந்தால், அல்லது வாசிப்பவர் ஒருவரைத் தெரிந்திருந்தால், எது வேண்டும், எத்தனையாம் பாகம் என்று மட்டும் சொல்லுங்கள், அனுப்பும் பொறுப்பு என்னுடையது. அந்த அகராதியின் மிச்சப் பாகங்கள் உங்களிடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.