எச்.பி.வி. பாசிட்டிவ்: கண்ணாடி ஸ்லைடில் தொடங்கிய அலைச்சல்

முதல் நடையே வீண். டாக்டர் சீட்டில் எச்.பி.வி. டெஸ்ட், அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸைத் தேடும் டெஸ்ட், என்று தெளிவாகவே எழுதியிருந்தார். கர்ப்பப்பை வாயில் சாம்பிள் எடுத்தவர் பழைய பழக்கத்தில் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து அனுப்பிவிட்டார். நாலு நாள் கழித்து லேபிலிருந்து போன்: "இதுல பாப் ஸ்மியர்தான் பாக்க முடியும் மேடம், எச்.பி.வி. வராது."

வராதுதான். ஸ்லைடில் செல்களின் தோற்றத்தைப் பார்க்கலாம். வைரஸின் டி.என்.ஏ.வைத் தேட, பிரஷ்ஷைத் திரவம் உள்ள குப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். எல்.பி.சி. குப்பி என்று கேட்டு வாங்கினால் செல் பரிசோதனை, வைரஸ் பரிசோதனை இரண்டையும் ஒரே சாம்பிளில் முடிக்கலாம். படுக்கையில் ஏறும் முன்பே "குப்பியா, ஸ்லைடா?" என்று கேட்டுவிடுங்கள். முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

தேதியும் முக்கியம். பீரியட்ஸ் நாட்களில் எடுத்தால் ரத்தம் கலந்து, சாம்பிள் போதவில்லை என்று திரும்பி வரலாம். முந்தைய 48 மணி நேரம் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் கூடாது. இதை ரிசப்ஷனில் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை பணம் கட்டும்போது "ஃபுல் பேனல் எடுத்துக்குங்க, 6, 11 எல்லாம் வரும்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். எச்.பி.வி.யில் பல வகைகள் உண்டு; 6, 11 என்ற வகைகள் மருக்களை உண்டாக்குபவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. தேட வேண்டியது ஆபத்து அதிகமான வகைகளை மட்டும்.

ரிப்போர்ட் வந்தது: பாசிட்டிவ். கவுன்ட்டரில் இருந்தவர் கவரை நீட்டிக்கொண்டே "கேன்சர் வைரஸ் இருக்காம்" என்றார், பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது தப்பும்கூட. இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவை இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். போகாமல் வருடக்கணக்கில் தங்கும் தொற்றுதான் ஆபத்து: வைரஸின் இ6, இ7 புரதங்கள் செல் பெருக்கத்துக்குக் கடிவாளமான பி53, ஆர்.பி. புரதங்களை முடக்கிவிடும். அப்படித் தங்கினாலும் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே வரலாம்.

அந்த ரிப்போர்ட்டில் எந்த வகை என்று இல்லை. அடுத்த நடை அதற்காக. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அவற்றில் ஒன்று இருந்தால் செல் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தாலும் நேரே கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பது. மற்ற வகைகள் மட்டும் இருந்து, செல்லும் சுத்தம் என்றால் பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். எனவே சாம்பிள் கொடுக்கும்போதே "16, 18 தனியாக வருமா?" என்று கேளுங்கள். எனக்கு 16.

இது உறவின் வழியாகப் பரவும் வைரஸ் என்பதால் வீட்டில் கிளம்பும் கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று இந்த டெஸ்ட் சொல்லாது. வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனையும் கிடையாது.

கால்போஸ்கோபியில் வினிகர் போன்ற அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுக்கும் இடத்தில் கிள்ளி எடுப்பார்கள். லேசான பிடிப்பு, அவ்வளவுதான். அந்தத் திசுவைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 3 என்று வந்தது. கர்ப்பப்பை வாயின் மேல்தோல் தடிமனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாறிய செல்கள் என்று அர்த்தம். புற்று இன்னும் இல்லை.

அடுத்த வீண் நடை இரண்டாவது கருத்துக்காக. ரிப்போர்ட் நகலைக் கொண்டுபோனால், "நகலை வெச்சு என்ன பாக்குறது? ஸ்லைடும் பிளாக்கும் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். பிளாக் என்பது மெழுகில் பதித்த திசு. அது பயாப்ஸி பார்த்த லேபில்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண், அடையாள அட்டை நகல், கையெழுத்திட்ட கடிதம் மூன்றும் கொடுத்தால் தருவார்கள். வாங்கியதும் பிளாக்கின் மேல் உள்ள எண் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

மாறிய திசுவை மின்சாரக் கம்பி வளையத்தால் வெட்டி எடுக்கும் லீப் சிகிச்சை, மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணிக்குள் முடிந்தது. மாலையே வீடு. நான்கு வாரம் உறவும் டாம்பூனும் கூடாது. ஒன்று, இரண்டு வாரத்தில் திடீரென ரத்தம் அதிகமாகப் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தால் காத்திருக்காமல் போய்விடுங்கள். அந்தத் திசு ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டிய சொல் விளிம்பு. வெட்டிய விளிம்பில் மாறிய செல் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். என் ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை. கேட்டு எழுதி வாங்கினேன்.

தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றை அழிக்காது, அது பிள்ளைகளுக்கு. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், 15க்கு மேல் மூன்று. 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸும் போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மருந்துக் கடையில் வாங்கிப் போவதானால் ஐஸ் பேக்கோடு வாங்குங்கள், ஆனால் குப்பி ஐஸில் நேரடியாக உரசக் கூடாது. உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

ஆறாம் மாத எச்.பி.வி. டெஸ்ட் நெகட்டிவ். எனக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு: மூன்று வருடம் வருடத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 25 வருடம். பெரிய ஃபைலாக வாங்கி வைத்திருக்கிறேன்.