துணி டயபரின் வரவு செலவு

எங்கள் மகளுக்குப் பகல் நேரங்களில் துணி டயபரையே பயன்படுத்துகிறோம். கொடியில் அவை வரிசையாகக் காய்வதைப் பார்க்கும் உறவினர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள்: இதில் உண்மையிலேயே காசு மிச்சமாகிறதா, இவ்வளவு தண்ணீரையும் சோப்பையும் செலவழித்துவிட்டுச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசலாமா. இரண்டாவது கேள்வி பலரும் நினைப்பதைவிடச் சிக்கலானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கான டயபர்களை, அவை உற்பத்தியாவது முதல் குப்பையாவது வரை கணக்கிட்டது. பயன்படுத்தித் தூக்கியெறியும் டயபர்கள் ஏறத்தாழ 550 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வையும், துணி டயபர்கள் சராசரியாக 570 கிலோவையும் உண்டாக்குவதாக அது கூறியது. துணிதான் சற்று அதிகம்! இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டு வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, அதே டயபர்களை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் உமிழ்வில் சுமார் 40 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 200 கிலோ குறையும் என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. 2023இல் அந்நாடு வெளியிட்ட புதிய மதிப்பீட்டில் துணி டயபரின் உமிழ்வு, தூக்கியெறியும் டயபருடையதைவிட 25 விழுக்காடு குறைவாகவே வந்தது.

தூக்கியெறியும் டயபரின் சுமை பெரும்பாலும் அதன் உற்பத்தியிலேயே இருக்கிறது. மரக்கூழ், பிளாஸ்டிக், ஈரத்தை உறிஞ்சிக் கூழாக மாறும் சோடியம் பாலிஅக்ரிலேட் ஆகியவற்றால் ஆன அதை வாங்கியபின் நாம் மாற்றக்கூடியது எதுவுமில்லை. துணி டயபரின் சுமையோ துவைப்பதில் இருக்கிறது. அது நம் கையில் இருக்கிறது. வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும்தான் குளிர்நாட்டுக் கணக்கை உயர்த்துகின்றன. குழாய்த் தண்ணீரிலேயே துவைத்து மொட்டை மாடியில் காயவைக்கும் தமிழ்நாட்டு வீட்டில் இவ்விரு செலவும் ஏறக்குறைய இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறையை நம் ஊர் வெயில் வெளுப்பதுபோல் எந்தச் சோப்பும் வெளுப்பதில்லை. தண்ணீர் மட்டும் மறுக்க முடியாத செலவு. 2019ஆம் ஆண்டுக் கோடையைப் போல லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க நேர்ந்தால், துணி டயபரை ஒத்திவைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரிட்டன் கணக்கில் தெரியாத ஒன்று நம் ஊரில் இருக்கிறது. பயன்படுத்திய டயபரைச் சுருட்டி, காய்கறித் தோலோடு ஒரே பையில் கட்டிப் போடுவது நம் தெருக்களில் இயல்பாகிவிட்டது. மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டே டயபரை எறிய வேண்டும் என்றாலும், அப்படிச் செய்யும் வீட்டை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அந்தப் பையைப் பிரித்து, மக்கும் குப்பையிலிருந்து டயபரைப் பொறுக்கி எடுப்பது தூய்மைப் பணியாளரின் கை. அவர் கண்ணுக்குத் தப்பி டயபர் கிழிந்துவிட்டால், பளபளக்கும் கூழ்மணிகள் உரத்தோடு கலந்துவிடுகின்றன. அவற்றை யாராலும் பிரிக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயபரைத் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும், அதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் கூறின. உறையோடு வந்த டயபர் பொட்டலம் இதுவரை என் கண்ணில் படவில்லை. கரியமில வாயுக் கணக்கு சமமாகவே இருந்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் துணியைத் தேர்ந்தெடுப்பேன்.

பணக் கணக்கு எளிது. ஒரு டயபர் 10 ரூபாய், நாளுக்கு 5 என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 1,500, இரண்டரை ஆண்டில் 45,000 ரூபாய் ஆகிறது. 500 ரூபாய் விலையில் 18 துணி டயபர்கள் 9,000. ஈரத்தை உறிஞ்ச டயபருக்குள் வைக்கும் உள்துணிகள் கூடுதலாகச் சிலவற்றுக்கு 2,000. சோப்புக்கும் மின்சாரத்துக்கும் மாதம் 200 வீதம் 6,000. இரவுக்கு மட்டும் தூக்கியெறியும் டயபர் ஒன்று என்றால் இன்னும் 9,000. மொத்தம் 26,000. மிச்சம் 19,000 ரூபாய். அடுத்த குழந்தைக்கு அவற்றையே எடுத்துக்கொண்டால் மிச்சம் இன்னும் கூடும்.

ஆனால் 9,000 ரூபாயை முதலிலேயே எடுத்து வைக்க முடிந்தவருக்குத்தான் இந்த மிச்சம். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிறு பொட்டலங்களை அன்றாடம் வாங்கும் குடும்பமே உண்மையில் அதிகம் செலவழிக்கிறது. அவர்களுக்குப் பொருந்துவது விலையுயர்ந்த அச்சுத்துணி டயபர் அன்று. பாட்டிமார் கிழித்து மடித்துத் தந்த பழைய வேட்டித்துணியும், அதன்மேல் போட நீர் கசியாத மேலுறை மூன்று நான்கும் போதும். உள்துணியை மட்டும் மாற்றிவிட்டு, நனையாத உறையை மறுபடியும் பயன்படுத்தலாம்.

கணக்கில் நான் சேர்க்காதது உழைப்பு. மலத்தைக் கைக்குழாயால் கழிப்பறையிலேயே அடித்துக் கழுவி, வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசி, அதன்பின் சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் துணி ஈரத்தை உறிஞ்சாது. எங்கள் வீட்டில் இது தந்தையான என் வேலை. இந்த வேலை முழுவதும் குழந்தை பெற்ற பெண்ணின் தலையிலோ அவளுடைய அம்மாவின் தலையிலோ விழும் வீட்டில், 19,000 ரூபாயை மிச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் மூன்று நான்கு வாங்கி, குழந்தையின் தொடையில் இறுக்கமில்லாமல் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்கலாம். பருத்தி உள்துணி நன்றாக உறிஞ்சும், ஆனால் தடிமனாக இருந்தால் மெதுவாகவே காயும். மைக்ரோஃபைபர் என்னும் செயற்கை இழைத் துணி விரைவில் காயும், ஆனால் தோலில் நேரடியாகப் படக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் வெயிலைக் காண்பதே அரிது என்பதால், ஐப்பசி கார்த்திகையில் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு உள்துணிகளைச் சற்றுக் கூடுதலாகவே வாங்கி வைப்பது நல்லது.