காய்ச்சலில் ஏன் குளிர்கிறது? வைவா மேசையில் மாட்டிக்கொண்ட கதை

முதலாமாண்டு எம்.பி.பி.எஸ்., ஃபிசியாலஜி (உடல் இயங்கும் விதம் பற்றிய பாடம்) மாடல் வைவா, அதாவது மாதிரி வாய்மொழித் தேர்வு. உடல் வெப்பச் சீராக்கம் என்று மேடம் சொன்னதும் உள்ளுக்குள் ஒரே குஷி. சூடானால் தோலின் ரத்தக் குழாய் விரியும், வேர்க்கும். குளிர்ந்தால் குழாய் சுருங்கும், மயிர் சிலிர்க்கும், நடுங்கும். கடகடவென்று ஒப்பித்தேன்.

"சரிப்பா, ஒருத்தருக்குக் காய்ச்சல் ஏறிட்டு இருக்கு. 38 தாண்டியாச்சு. அப்பவும் போர்வை கேக்குறார், பல்லு தந்தியடிக்குது. உன் லிஸ்ட்படி அவருக்கு வேர்க்கணுமே?"

நான் ஃபேனைப் பார்த்தேன். மேடம் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

வேலைக்காரர்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு முதலாளியை விட்டுவிட்டேன். முதலாளி மூளையின் அடிப்பக்கம் இருக்கும் ஹைப்போதலாமஸ், அதிலும் முன்பக்கம் இருக்கும் பிரீஆப்டிக் பகுதி. தன் வழியாக ஓடும் ரத்தத்தின் சூட்டையும் தோலிலிருந்து வரும் தகவலையும் சேர்த்து, தான் வைத்திருக்கும் செட் பாயின்ட்டோடு (உடம்பு இவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்ற இலக்கு) ஒப்பிடுவதுதான் அதன் வேலை. வழக்கமாக அது 37 டிகிரியை ஒட்டி இருக்கும். தொற்று வந்தால் வெள்ளையணுக்கள் விடும் சைட்டோகைன்கள் என்ற தூதுப் புரதங்களால் ப்ராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருள் உண்டாகி, செட் பாயின்ட்டை 39-க்குத் தூக்கிவிடும். இப்போது 38 டிகிரி உடம்பே அதன் கணக்கில் ஒரு டிகிரி குறைச்சல். அதனால்தான் நடுக்கம்.

இதைப் படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது. நிஜமாகப் புரிந்தது இரண்டு வாரம் கழித்து, ஹாஸ்டலில் எனக்கே காய்ச்சல் வந்தபோது. ரூம்மேட் நெற்றியைத் தொட்டு "கொதிக்குதுடா" என்றான், காலைத் தொட்டு "ஐஸ் மாதிரி இருக்கு" என்றான். குழாய் சுருங்கியிருக்கிறது, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது! அரை மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்து ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் எழுதினேன்: 37.6, 38.4, 39.1. அடுத்ததும் 39.1. அப்போது நடுக்கம் நின்றிருந்தது. பாராசிட்டமால் போட்டு ஒன்றரை மணி நேரத்தில் தலையணை நனைந்துவிட்டது. மாத்திரை ப்ராஸ்டாகிளாண்டினைக் குறைத்து செட் பாயின்ட்டை இறக்கிவிட்டது. 39 இப்போது அதற்குச் சூடு, ஆகவே வியர்வை. வீட்டில் "வேர்த்துருச்சு, இனி காய்ச்சல் விட்டுரும்" என்பார்களே, உள்ளே செட் பாயின்ட் இறங்கிய பிறகுதான் அந்த வேர்வையே வருகிறது.

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் முதலில் ஒரு வரைபடம் போடுங்கள். செட் பாயின்ட்டுக்குப் புள்ளிக்கோடு, உடல் வெப்பநிலைக்கு முழுக்கோடு. காய்ச்சலில் புள்ளிக்கோடு முதலில் ஏறும், முழுக்கோடு பின்னால் வரும். ஹீட் ஸ்ட்ரோக்கில் (வெயில் தாக்கி உடல் அளவுமீறிச் சூடாவது) புள்ளிக்கோடு 37-லேயே கிடக்கும், முழுக்கோடு மட்டும் 40-ஐத் தாண்டிப் போகும், ஆளுக்கு நினைவு தடுமாறும். அங்கே பாராசிட்டமாலுக்கு வேலையே இல்லை. தண்ணீர், ஐஸ், காற்று என்று உடம்பை வெளியிலிருந்துதான் குளிர்விக்க வேண்டும். இரண்டு கோடு போட்டதும் பாதி விடை வந்துவிடும்.

அடுத்து வியர்வை. சாதாரண அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு இழக்கும் வெப்பத்தில் 60 சதவீதம் அளவுக்குக் கதிர்வீச்சாகவே போகிறது. வெளியே தோலைவிடச் சூடாகிவிட்டால் அந்தக் கணக்கு தலைகீழ். வெப்பம் உள்ளே வரும். மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு கிராம் ஆவியானால் 0.58 கிலோ கலோரி போகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வைக்கு ஒன்றும் கிடையாது. 1774-இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் சுமார் 127 டிகிரி செல்சியஸ் அறைக்குள் சில நிமிடம் இருந்துவிட்டு நல்லபடியாக வெளியே வந்தார். அதே அறையில் வைத்த மாட்டிறைச்சி வெந்துவிட்டது. அவர் தப்பியதற்கு அறை காய்ந்திருந்ததுதான் காரணம், வியர்வை உடனே ஆவியானது. (இதை எழுதினால் மார்க் வருமா தெரியாது. திருத்துபவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்.)

வைவாவில் நிச்சயம் வரும் பொறி ஒன்று: வியர்வைச் சுரப்பிக்குப் போவது சிம்பதெடிக் நரம்பு (உடம்பைத் தானாக இயக்கும் நரம்புகளில் ஒரு வகை), அந்த வகை வழக்கமாக விடுவது நார்அட்ரினலின், ஆனால் இங்கே விடுவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தான அட்ரோப்பின் அதிகமான குழந்தைக்கு வேர்க்காமல், தோல் காய்ந்து, உடம்பு கொதிப்பது இதனால்தான்.

பல்கலைக்கழக வைவாவில் வந்த சார், "சென்னையில 37, வேலூர்ல 41. எங்க உடம்புக்குக் கஷ்டம்?" என்றார். ஈரப்பதத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது சார், ஏர் கூலர் வேலூரில் நன்றாக வேலை செய்யும், சென்னையில் புழுக்கத்தைத்தான் கூட்டும், வியர்வைக்கும் அதே கதை என்றேன். சிரித்தார். "பிறந்த குழந்தை நடுங்காதே, அதுக்கு என்ன வழி?" தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும், எரிந்து நேரடியாகச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு என்றேன். மணியடித்து அடுத்தவனைக் கூப்பிட்டார்.